மீள்நிறுவல்: இல்லக் கணிப்பொறியின் வரலாற்றில் ஒரு கூறு

1. சொல்லும் பொருளும்

கணிப்பொறியின் இயங்குதளம் பழுதுற்றவிடத்து, வட்டிலுள்ளவற்றைத் துடைத்தழித்து, அவ்வியங்குதளத்தை மீண்டும் முதலிலிருந்து நிலைபெறச் செய்தலை மீள்நிறுவல் என்பர். பேச்சு வழக்கில் இது ‘பார்மட் பண்ணுதல்’ என்றும் ‘ஓ.எஸ். போடுதல்’ என்றும் வழங்கும். இவ்விரு வழக்குகளும் ஒரு செயலின் இரு கூறுகளைச் சுட்டுவன. முன்னது அழித்தலையும் பின்னது ஆக்கலையும் குறிக்கும். இவ்விரண்டற்கும் முன்னர் நிகழவேண்டிய மூன்றாவது கூறு ஒன்று உண்டு. உடையவர் எழுதியும் தொகுத்தும் வைத்தவற்றை வேறோரிடத்திற் படியெடுத்துக் காத்தலே அது. அழித்தல் சில நிமிடங்களில் முடிவது. ஆக்கல் ஒரு பகலையும் கொள்வது. காத்தல் தவறின், இழந்தது பெரும்பாலும் இழந்ததேயாம்.

மீள்நிறுவல் இத்துணைத் தொல்லை தருவதாயது எதனால் என்னும் வினாவிற்கு, பொறியின் குறைபாடு என்றோ பயன்படுத்துவோரின் பயிற்சிக் குறைவு என்றோ விடை கூறுதல் எளிது. வரலாற்றை முறையாக நோக்குவார்க்கு வேறொரு காரணம் புலனாகும். இயங்குதளத்தை ஆக்கியோரின் பொருளும் கணிப்பொறியை உடையவரின் பொருளும் ஒரே வட்டில் எல்லையின்றிக் கலந்து கிடந்தமையே அக்காரணம். இவ்விரண்டையும் வேறு பிரித்து வைத்தற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது. தமிழில் எழுதியோர்க்கு இக்கலப்பு ஒரு தனி இடராயிற்று. எழுத்தின் வடிவமே இயங்குதளத்தோடு சேர்ந்து அழிந்தமையால், காக்கப்பெற்ற கோப்பும் படிக்கவியலாததாயிற்று. இவற்றைக் கால முறைப்படி ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஐ.பி.எம். வழிவந்த கணிப்பொறிகளும் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் இயங்குதளங்களுமே இல்லங்களிற் பெருவழக்காக இருந்தமையின், அவையே ஈண்டு முதன்மையாகக் கொள்ளப்பெறுகின்றன.

2. நெகிழ்வட்டுக் காலம்

1981 ஆகஸ்டு 12-ஆம் நாள் அறிவிக்கப்பெற்ற ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியில் வன்வட்டு இல்லை. ‘டாஸ்’ எனப்படும் இயங்குதளம் 160 கிலோபைட் கொள்ளளவுடைய நெகிழ்வட்டு ஒன்றில் வந்தது. அவ்வட்டைச் செருகிப் பொறியை இயக்கின், இயங்குதளம் நினைவகத்திற் புகும். பின்னர் அதனை எடுத்துவிட்டு வேறு வட்டைச் செருகலாம். கட்டுரையும் கணக்கும் உடையவரின் தனி வட்டுக்களிற் பதியப்பெற்றன. ஆகவே, இயங்குதள வட்டுப் பழுதுற்றால் வேறொரு படியைச் செருகுதலே போதும். நிறுவுதல் என்பதே வேண்டப்படாத காலம் அது, மீள்நிறுவுதற்கும் இடமில்லை. வறுமையால் அமைந்த பிரிவினைதான் எனினும், ஆக்கியோர் பொருளும் உடையவர் பொருளும் அக்காலத்தில் வெவ்வேறு வட்டுக்களில் இருந்தன என்பது கருதத்தக்கது.

1983 மார்ச்சுத் திங்களில் வெளிவந்த ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணிப்பொறியில் 10 மெகாபைட் வன்வட்டு ஒன்று அமைந்தது. அதனுடன் வந்த டாஸ் 2.0 பதிப்பில் அடைவுகளைக் கிளைகளாக வகுக்கும் முறை இடம்பெற்றது. வட்டு மாற்றும் வேலை ஒழிந்தது. ஆயின் இயங்குதளமும் செயலிகளும் உடையவரின் எழுத்துக்களும் ‘சி’ என்னும் ஒரே வட்டிற் குடியேறின. அடைவுகளை வகுத்துப் பயன்படுத்தும் உரிமை உடையவர்க்கு இருந்தது. இன்ன பொருள் இன்ன இடத்தில் இருத்தல் வேண்டும் என்னும் மரபு மட்டும் வகுக்கப்பெறவில்லை.

இதற்கு மாறான மரபு ஒன்று ஏலவே இருந்தது. 1969 முதற்கொண்டு பெல் ஆய்வகத்தில் உருப்பெற்ற யூனிக்ஸ் இயங்குதளம் பலர் ஒருங்கே பயன்படுத்தும் பொறிக்கு உரியது. பலர் புழங்கும் இடத்தில் எல்லை வகுத்தல் இன்றியமையாதது. ஆதலின், ஒவ்வொருவர்க்கும் தனி அடைவும், ஒருவர் கோப்பைப் பிறர் திருத்தாவாறு காக்கும் உரிமை வரையறையும் அங்கே அமைந்தன. இல்லக் கணிப்பொறி ஒருவர்க்கே உரியது எனக் கருதப்பட்டமையின், அத்தகைய எல்லை வேண்டப்படுவதாகத் தோன்றவில்லை. பிற்காலத் தொல்லைகளின் வேர் இவ்விடத்தே உளது.

3. கலப்புக் காலம்

டாஸ் காலத்தில் மீள்நிறுவல் எளிய செயலாகவே இருந்தது. ‘பார்மட்’ என்னும் கட்டளையுடன் ஒரு சிறு குறிப்பைச் சேர்த்து இட்டால், வட்டுத் துடைக்கப்பெற்று, இயங்குதளத்தின் இன்றியமையாக் கோப்புக்கள் அதிற் பதிந்துவிடும். வன்வட்டைப் பொறுத்தவரை அக்கட்டளை பழைய எழுத்துக்களை உண்மையில் அழிப்பதன்று. அவை இருக்குமிடம் கூறும் அட்டவணையையே புதிதாக எழுதுவது. இது பற்றியே 1991-இல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் 5.0 பதிப்பில், துடைத்ததை மீட்கும் கட்டளை ஒன்றும் சேர்க்கப்பெற்றது.

விண்டோஸ் பரவிய பின்னர் நிலைமை மாறிற்று. 1992-இல் வெளிவந்த விண்டோஸ் 3.1 பதிப்பில், அமைப்பு விவரங்கள் பெரும்பாலும் படித்தறியக்கூடிய எளிய உரைக்கோப்புக்களில் இருந்தன. 1995 ஆகஸ்டு 24-ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 95-இல் அவை ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படும் ஒரு பெரும் பதிவேட்டில் தொகுக்கப்பெற்றன. செயலியை நிறுவுந்தோறும் பதிவேடு பெருகும். செயலியை நீக்கினும் அதன் பதிவுகள் முற்றும் நீங்குவதில்லை. மேலும், பல செயலிகள் ஒருங்கே பயன்படுத்தும் பொதுக் கோப்புக்கள் இயங்குதளத்தின் அடைவிலேயே இருந்தன. புதிதாக நிறுவப்பெறும் ஒரு செயலி, தன்னுடன் கொணர்ந்த பழைய படியை அங்கே இட்டு, ஏலவே இருந்த புதிய படியை மேலெழுதிவிடும். அதனாற் பிறிதொரு செயலி செயலற்றுப் போகும். இவ்வாறு நாளடைவிற் பொறி தளர்வுற்றது. தளர்ச்சியின் காரணத்தைத் தேடிக் களைதலினும், எல்லாவற்றையும் துடைத்து மீண்டும் நிறுவுதல் விரைவில் முடியும் எனப் பலரும் கருதலாயினர்.

அங்ஙனம் நிறுவுதற்கும் இடையூறுகள் பல. விண்டோஸ் 95 குறுந்தட்டிலும் 13 நெகிழ்வட்டுக்களிலும் விற்பனைக்கு வந்தது. 13 வட்டுக்களுள் ஒன்று பழுதுற்றாலும் பணி நடுவில் நின்றுவிடும். குறுந்தட்டு வைத்திருந்தார்க்கு வேறொரு சிக்கல்: விண்டோஸ் 95-இன் தொடக்க நெகிழ்வட்டிற் குறுந்தட்டுக் கருவிக்குரிய இயக்கி இல்லை. தட்டுக் கையிலிருந்தும் அதனைப் பொறி அறியாது. 1998-இல் வெளிவந்த விண்டோஸ் 98-இன் தொடக்க வட்டிலேதான் அவ்வியக்கி சேர்க்கப்பெற்றது. இயங்குதளம் நிலைபெற்ற பின்னரும் திரை, ஒலி, அச்சுப்பொறி, மோடம் ஆகிய ஒவ்வொன்றற்கும் உரிய இயக்கிகளைத் தேடி நிறுவல் வேண்டும். மோடத்தின் இயக்கி காணாமற் போயின், அதனை இணையத்தினின்று பெறுதற்கு மோடமே தேவைப்படும்.

இக்காலத்தில் உடையவரின் பொருள்கள் எங்கெங்கே இருந்தன என்பது ஈண்டு ஆராயத்தக்கது. திரையின் முகப்பில் வைத்த கோப்புக்கள் உடையவர் கண்முன்னே தோன்றினும், விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் அவை உண்மையில் விண்டோஸ் அடைவின் உள்ளேயே இருந்தன. அஞ்சற் செயலியின் மடல்கள் ஆழ்ந்த உள்ளடைவு ஒன்றிற் கிடந்தன. எழுத்துருக்களும் விண்டோஸ் அடைவினுள்ளே தனி அடைவில் இருந்தன. ஆவணங்களுக்கென வகுத்த அடைவை மட்டும் படியெடுத்துவிட்டுத் துடைத்தவர், மடல்களையும் முகவரிகளையும் முகப்பிலிருந்த கோப்புக்களையும் ஒருங்கே இழந்தனர். தம் பொருள் எனத் தோன்றியது வேறு, தம் பொருள் இருந்த இடம் வேறு என்பதை அவர்கள் அறிய வாய்ப்பில்லை. வட்டைச் ‘சி’, ‘டி’ எனப் பாகம் பிரித்து, இயங்குதளத்தை முன்னதிலும் ஆவணங்களைப் பின்னதிலும் வைக்கும் வழக்கம் இவ்விடர் நோக்கி எழுந்ததே. தமிழகத்திற் கணிப்பொறி இணைத்துத் தருவோர் இதனைப் பெரிதும் கையாண்டனர்.

4. உரிமக் காலம்

2001 அக்டோபர் 25-ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி., முந்தைய இல்லப் பதிப்புக்களினும் உறுதி வாய்ந்தது. ஆயினும் மீள்நிறுவலில் அது புதிய கடமை ஒன்றை விதித்தது. 25 எழுத்துக்களும் எண்களும் கொண்ட உரிமக் குறியீட்டை இடுவதோடு அமையாது, 30 நாட்களுக்குள் ஆக்கியோரிடம் பொறியைப் பதிந்து இசைவு பெறல் வேண்டும். இணைய வழி அது கைகூடாவிடின், தொலைபேசியில் 50 இலக்கங்களைக் கூறி, மறுமொழியாக 42 இலக்கங்களைக் கேட்டெழுதுதல் வேண்டும். தாம் விலை கொடுத்துப் பெற்றதைத் தம் பொறியிலேயே மீண்டும் நிறுவுதற்கும் பிறர் இசைவு வேண்டுவதாயிற்று. உரிமக் குறியீடு ஒட்டிய தாளை இழந்தவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. புதிய பொறியுடன் குறுந்தட்டுத் தரும் வழக்கமும் குறைந்தது. வட்டின் மறைவான பாகம் ஒன்றில் மீட்புப் படியை வைத்து விற்றனர். வட்டே கெட்டுப்போயின் அப்படியும் உடன் கெடும்.

புதிதாக நிறுவிய பொறியே பெரிதும் இடருக்கு உள்ளாகும் என்பதை 2003-ஆம் ஆண்டு உணர்த்திற்று. அவ்வாண்டு ஜூலை 16-இல் மைக்ரோசாப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. அத்திருத்தம் பெறாத பொறிகளை ஆகஸ்டு 11 முதற்கொண்டு ‘பிளாஸ்டர்’ என்னும் நச்சுநிரல் தாக்கிற்று. பழைய குறுந்தட்டினின்று நிறுவிய எக்ஸ்.பி.யில் அத்திருத்தம் இராது. அதனைப் பெறுதற்கு இணையத்தை நாடின், பெறுமுன்னரே நச்சுநிரல் புகுந்துவிடும். திரையில் 60 நொடி எண்ணப்பெற்றுப் பொறி தானே நிற்கும். துடைத்து நிறுவியவர் மீண்டும் துடைத்து நிறுவினர். 2004 ஆகஸ்டில் வெளிவந்த இரண்டாம் திருத்தத் தொகுப்பில், இணையத் தடுப்பரண் தொடக்கத்திலேயே செயற்படுமாறு அமைக்கப்பெற்ற பின்னரே இவ்விடர் தணிந்தது.

5. தமிழ் எழுத்துக்கு நேர்ந்தது

மேற்கூறியவை எம்மொழியினர்க்கும் பொதுவானவை. தமிழர்க்குத் தனியே நேர்ந்ததை இனிக் காண்போம்.

ஏட்டுச்சுவடியில் எழுத்தும் அதன் வடிவமும் வேறல்ல. ஏடு உள்ளவரை எழுத்தும் உளது. கணிப்பொறியிலோ எழுத்துக்கள் எண்களாகவே வட்டிற் பதியப்பெறும். அவ்வெண்ணுக்கு உரிய வடிவத்தைத் திரையில் தருவது எழுத்துரு. கோப்பு உடையவரின் அடைவில் இருக்க, எழுத்துரு இயங்குதளத்தின் அடைவில் இருக்கும். ஆங்கிலத்திற்கு இதனால் இழப்பில்லை. ஆங்கில எண்களுக்கு உரிய வடிவங்கள் எவ்வியங்குதளத்தோடும் உடன் வருவன. தமிழுக்கு அவ்வாறன்று. 1980-களின் நடுப்பகுதி முதல் தமிழைக் கணிப்பொறியிற் காட்ட முயன்றோர், ஆங்கில எழுத்துக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றினர். கனடாவில் உருவான ஆதமியும் மலேசியாவில் உருவான முரசும் சுவிட்சர்லாந்தில் உருவான மயிலையும் இத்துறையின் முன்னோடிகள்.

சான்றாக ஒன்றைக் காணலாம். ஈழத்தவரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில், ‘தமிழ்’ என்னும் சொல் 106, 107, 112, 111, 59 என்னும் ஐந்து எண்களாகப் பதிவாகும். அவ்வெண்கள் உண்மையில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களுக்கும் ஓர் அரைப்புள்ளிக்கும் உரியவை. பாமினி பொறியில் உள்ளவரை அவ்வெண்கள் தமிழாகத் தோன்றும். மீள்நிறுவலிற் பாமினி அழிந்தபின் அதே கோப்பைத் திறந்தால், பொருளற்ற அந்நான்கு ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளியுமே தோன்றும். கோப்பின் ஓர் எண்ணும் மாறவில்லை. தமிழ் மட்டும் மறைந்தது.

எழுத்துருவை மீண்டும் நிறுவின் இக்குறை நீங்குமே எனின், அதற்கு இன்ன எழுத்துரு என்று அறிதல் வேண்டும். சொற்செயலிக் கோப்புக்களில் எழுத்துருவின் பெயரும் உடன் பதிவாதலின் அங்கே அறிதல் எளிது. வெற்றுரைக் கோப்பில் அப்பெயர் இராது. ஓர் எழுத்துருவிற் ககரத்தைக் குறிக்கும் எண் பிறிதோர் எழுத்துருவில் வேறெழுத்தைக் குறிக்கும். விசைப்பலகைச் செயலியும் இயங்குதளத்தோடு அழிவதாகலின், படித்தல் மட்டுமன்றி எழுதுதலும் தடைப்படும். சில இந்திய மொழிச் செயலிகள், பொறியின் பின்புறத்திற் செருகும் வன்பூட்டு இன்றி இயங்கா. ஆராய்ச்சியாளர் ஒருவர் பல்லாண்டு தொகுத்த சொல்லடைவோ பாடவேறுபாட்டுக் குறிப்போ, வட்டில் முழுமையாக இருந்தும் அவர்க்கே படிக்கவியலாததாதல் இவ்வாறே நிகழ்ந்தது.

இக்குறையை நீக்கும் முயற்சிகள் 1990-களின் பிற்பகுதியில் வலுப்பெற்றன. இணையவழிக் கலந்துரையாடலால் ‘திஸ்கி’ என்னும் குறியேற்றம் உருவாயிற்று. 1999 பிப்ரவரியிற் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டின் வழி ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாயின. எழுத்துருதோறும் வேறுபட்ட குழப்பத்தை இவை குறைத்தன. ஆயினும் அவையும் 256 இடங்களுக்குட்பட்டு, பிறமொழிக் குறிகளுக்குரிய எண்களின் மேல் அமைந்தவையே. மீள்நிறுவலுக்குப் பின் உரிய எழுத்துருவைத் தேடி நிறுவ வேண்டிய நிலை மாறவில்லை.

மாற்றம் ஒருங்குறியால் வந்தது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே, 2944 முதல் 3071 வரையுள்ள எண்கள் தமிழுக்கென ஒதுக்கப்பெற்றன. ‘தமிழ்’ என்னும் சொல் ஒருங்குறியில் 2980, 2990, 3007, 2996, 3021 என்று அமையும். இங்கும் எண்கள் ஐந்தே. ஆயின் இவை தமிழுக்கன்றிப் பிறிதொரு மொழிக்கு உரியனவல்ல. எழுத்துரு அழியினும் வேறெந்த ஒருங்குறி எழுத்துருவும் அவற்றைத் தமிழாகவே காட்டும். எழுத்து, இயங்குதளத்தின் பொருளாக இராது கோப்பின் பொருளாயிற்று. ஒருங்குறியின் வைப்புமுறை பற்றித் தமிழறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் உள. எனினும், மீள்நிறுவலுக்குத் தப்பும் தன்மை பற்றி நோக்கின் அதன் சிறப்பு மறுக்கவியலாதது.

இயங்குதளங்கள் இதனை ஏற்றமையும் படிப்படியாகவே நிகழ்ந்தது. 2000-ஆம் ஆண்டின் விண்டோஸ் 2000-இல் லதா என்னும் தமிழ் எழுத்துரு இடம்பெற்றது. அதிலும் எக்ஸ்.பி.யிலும், அமைப்புப் பகுதியிற் சென்று உரிய தேர்வைக் குறித்து, குறுந்தட்டினின்று கோப்புக்களைச் சேர்த்த பின்னரே தமிழ் செம்மையாகத் தோன்றும். துடைத்து நிறுவுந்தோறும் இதனைத் திரும்பச் செய்தல் வேண்டும்; மறந்தவர்க்கு உயிர்மெய்கள் சிதைந்து தோன்றும். 2007-இல் இல்லங்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இத்தேர்வு இன்றியே தமிழ் தோன்றிற்று. 2010-ஆம் ஆண்டு தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புக்கள் பல, முதலில் திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளிவந்தமை, குறியேற்றம் மாறுங்கால் நூல்களையும் உடன் பெயர்த்தல் வேண்டும் என்பதற்கு நற்சான்றாகும்.

6. பிரிப்புக் காலம்

ஆக்கியோர் பொருளையும் உடையவர் பொருளையும் பிரிக்கும் முயற்சி 2002-இல் இல்லக் கணிப்பொறியில் வெளிப்படத் தோன்றிற்று. அவ்வாண்டின் மேக் ஓ.எஸ். எக்ஸ் 10.2 பதிப்பில், பழைய இயங்குதளத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பயனர் அடைவுகளைக் காத்துப் புதியதை நிறுவும் முறை அமைந்தது. துடைக்காது நிறுவின் பழையவற்றைத் தனி அடைவிற் சேர்த்துவைக்கும் முறை விஸ்டாவில் இடம்பெற்றது. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8-இல், கோப்புக்களைக் காத்து இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்தலும், யாவற்றையும் துடைத்து முதல்நிலைக்குக் கொணர்தலும் என இரு வழிகள் தனித்தனியே பெயரிட்டு வகுக்கப்பெற்றன. முன்னைய வழியிலும், உடையவர் தாமே நிறுவிய மேசைச் செயலிகள் நீக்கப்பெற்றன. தமிழ் விசைப்பலகைச் செயலிகளும் அவற்றுள் அடங்கும். 2015-இல் வந்த விண்டோஸ் 10, ஒருமுறை இசைவு பெற்ற பொறியை ஆக்கியோரே நினைவிற் கொள்ளுமாறு செய்து, உரிமக் குறியீட்டைத் தேடும் தொல்லையைக் குறைத்தது. 2019-இல் வெளிவந்த மேக் ஓ.எஸ். கேட்டலினாவில் இயங்குதளம் எழுதவொண்ணாத தனிப் பாகத்திலும், உடையவரின் பொருள் வேறு பாகத்திலும் வைக்கப்பெற்றன. 1983-இல் ஒரே வட்டிற் கலந்தவை 36 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பிரிந்தன எனலாம்.

எனினும், இப்பிரிவினை இடர் முற்றும் நீங்கியதாகக் கருத இடந்தருவதன்று. 2018 அக்டோபரில் வெளியிடப்பெற்ற விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று, ஆவண அடைவின் இடத்தை மாற்றி வைத்திருந்தோர் சிலரின் பழைய அடைவிலிருந்த கோப்புக்களை அழித்தது. சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பெற்றது. உடையவர் பொருள் இருக்குமிடம் பற்றிய தவறான கருத்தே அங்கும் காரணம். மேலும், பழைய வன்வட்டில் விரைந்து துடைத்தபின்னும் எண்கள் எஞ்சியிருந்து மீட்புக்கு இடந்தந்தன. இக்காலத் திண்மநிலை வட்டுக்களிலோ, துடைத்த இடம் பயனற்றது என இயங்குதளம் வட்டுக்கு அறிவித்துவிடுகிறது. அதன் பின்னர் மீட்பு பெரும்பாலும் இயல்வதன்று. மறைகுறியாக்கம் பெற்ற வட்டின் திறவுகோலை இழந்தார்க்கும் அதுவே நிலை. நிறுவுதல் எளிதாயிற்று, இழத்தலும் எளிதாயிற்று.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மீள்நிறுவலின் தொல்லை நிறுவுதலால் எழுந்ததன்று, பொருள்களின் கலப்பால் எழுந்தது என்பதும், அக்கலப்பு இல்லக் கணிப்பொறி ஒருவர்க்கே உரியது என்னும் கருத்தால் விளைந்தது என்பதும், தமிழ் நூல்களுக்கு அது குறியேற்றத்தின் வழி இருமடங்கு இழப்பை விளைத்தது என்பதும் பெறப்படும்.

இவ்வாராய்ச்சி பழங்கதை பற்றியது மட்டுமன்று. விண்டோஸ் 10-க்குரிய பொதுவான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11 வேண்டும் பாதுகாப்புக் கூறுகள் பழைய பொறிகள் பலவற்றில் இல்லை. ஆகவே இல்லங்களிலும் துறைகளிலும் பழைய வட்டுக்கள் துடைக்கப்பெறும் காலம் இது. அவற்றுள், 1990-களிலும் அதன்பின் பத்தாண்டுகளிலும் தட்டெழுதிய ஆய்வேடுகளும் சொல்லடைவுகளும் பதிப்புக் குறிப்புக்களும், இன்று பெயரும் மறந்த எழுத்துருக்களிற் கிடத்தல் கூடும். ஒருங்குறிக்குப் பெயர்க்கும் செயலிகள் பாமினி, திஸ்கி, டாப் முதலிய பெருவழக்குக் குறியேற்றங்களுக்கு உள. அருகி வழங்கிய எழுத்துருக்களுக்கு, எழுத்துருக் கோப்பே மூல அட்டவணையாக உதவும். ஆதலின், கோப்பைப் படியெடுப்போர் எழுத்துருவையும் அதனுடன் ஒரே அடைவிற் படியெடுத்தல் வேண்டும். ஒருங்குறிக்குப் பெயர்த்து, பெயர்த்ததை மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே வட்டைத் துடைத்தல் வேண்டும். சுவடிப் பதிப்பிற் பாடங்களை ஒப்புநோக்கிப் பயின்றார்க்கு இப்பணி புதியதன்று. எழுத்துரு பொறியில் உள்ள இப்போதே அதனைச் செய்தல் வேண்டும் என்பதொன்றே புதியது.